உள்ளங்கைப் புள்ளிகள்

ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் என் பக்கம் வரமாட்டேன் என்கிறது, மூன்றாவது பெஞ்சில் இருக்கிற நீலச் சட்டைக்காரருக்குத்தான் போகிறது, அவரோ துண்டைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு மார்கழிக் குளிரில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கிறார், பங்குனி வெயிலில் என்ன குளிரோ. இந்தக் கட்டடத்துக்குள் வந்தால் ஆண்களுக்கெல்லாம் குளிரெடுத்துவிடுகிறது, முகத்தை மூட ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. வயிறு முன்னால் தெரிகிறது, நாலு முடிந்து அஞ்சு நடக்கிறது, பார்க்கிறவர்கள் இவள் வழி தெரியாமல் வந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறார்கள், சற்று முன்புகூட ஒரு அம்மா நின்று, "கண்ணு, பிரசவ வார்டு அந்தப் பக்கமுங்க" என்று கை காட்டினார். "தெரியுமுங்க" என்றேன். அவர் என் முகத்தையும் கதவுக்கு மேலே எழுதியிருக்கிற ‘சுக வாழ்வு மையம்’ என்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனார், நல்ல மனுஷி, உச்சுக்கொட்டியிருந்தால் எனக்கு வாய் சும்மா இருந்திருக்காது. காலையிலேயே ரத்தம் எடுத்துவிட்டார்கள். எனக்கு இதுதான் கடைசி ரத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள், இதில் ஒன்றும் இல்லையென்றால் எனக்கும் இல்லை, வயிற்றில் இருக்கிறதுக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லலாம், சொல்லவில்லை.

எதிர்ச் சுவரில் பால்வினை நோய்ப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது, ‘நோயரும்பும் காலம்’ என்று கொட்டை எழுத்தில், கிருமி ஒட்டின நாளிலிருந்து வெளியே தெரிகிறவரைக்குமான நாளாம். இதற்குப் போய் அரும்பு என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ. மல்லிகை அரும்பும், பையன்களுக்கு மீசை அரும்பும், இது எங்கே அரும்புகிறது என்று யாருக்குத் தெரிகிறது. இங்கே கவுன்சிலிங் கொடுக்கிற எஸ்தர் மேடம்தான் எனக்கு அதைப் பாடம் மாதிரி எடுத்தார், தை மாசம், இதே மாதிரி ஒரு காலையில், கதவைச் சாத்திவிட்டு. "ஒடம்புக்குள்ள வந்த அன்னைக்கே எதுவும் தெரியாதும்மா. சிலது ஒரு வாரத்துல ஒண்ணுக்குப் போனா எரியும், சீழ் வரும், ஆம்பளைங்க அலறியடிச்சு ஓடி வந்துருவாங்க. சிலது கொப்புளம் கொப்புளமா வந்து வலிக்கும். சிலது பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே காட்டாம உள்ளயே இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு வந்தது சிபிலிஸ். மேகநோய்னு சொல்லுவாங்க இல்ல, அது. மூணு வாரம்போல கழிச்சு ஒரு புண்ணு வரும். வலிக்காது. அதுவா ஆறிடும். ஆறுனதும் எல்லாம் போயிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அது உள்ள போயிருக்கும்." வலிக்காத புண், அதைத்தான் நான் எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வலித்தால் ஆள் பயந்து எங்காவது போவான், வலிக்காவிட்டால் எங்கே போவான். அப்புறம் எஸ்தர் மேடம் எச்.ஐ.வி. பற்றிச் சொன்னார், சிலருக்கு ரெண்டு மூணு வாரத்தில் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும், பரிசோதனையில் உறுதியாகத் தெரிய மூணு மாசம் பொறுக்கணும் என்று. அதோடு என் தூக்கம் போயிற்று. கார்த்திகையில் எனக்குத் தொண்டை கட்டியதே, அது மழையில் நனைந்ததா இல்லை இதுவா. தொடையில் ஒரு பரு வந்தால் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். வெள்ளைப்பட்டால் பயம், படாவிட்டால் அதற்கும் ஒரு பயம். எனக்குத் தொழிலே அதுதான், விசைத்தறிக் கூடத்தில் துணி மடிக்கிற மேஜையில் உட்கார்ந்து கறை, பிசிறு, இழை விட்ட இடம் பார்க்கிற வேலை, ஒரு லுங்கியில் எள்ளளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் என் கண் அங்கே போய் நிற்கும். அந்தக் கண்ணை என் உடம்பின் மேலேயே திருப்பிவிட்டால் என்ன ஆகும், ஒரு இடம் மிச்சமில்லாமல் கறையாகத்தான் தெரியும். வயிற்றுக்குள் குழந்தை அசைகிறதை முதலில் உணர்ந்த அன்றுகூட, இது குழந்தையா இல்லை வேறு ஏதாவதா என்று கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி.

மாலை போட்ட அன்று அவரோடு நான் பேசவில்லை. அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிற ஆளைக் கட்டிக்கொண்டால் புருஷன் என்பது வருஷத்தில் ரெண்டு மூணு மாசம் வருகிற பண்டிகை, மீதி நாளெல்லாம் வடக்கே எங்கோ மண்ணைக் குடைந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பார். தீபாவளிக்கு வந்தார். வந்து கொஞ்ச நாளில் கார்த்திகை பிறந்துவிட்டது, கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி, தனிப்பாய், தனித்தட்டு, வீட்டில் எல்லோரும் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும், நானும்தான். "சாமி, சோறு போட்டாச்சு." "சாமி, உங்க செருப்பு வாசல்லயே கெடக்குது." கல்யாணமாகி ஆறு வருஷம் வயிறு திறக்காதவளுக்கு இந்த ஒரு மண்டலமும் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அந்தச் சாமிக்குத் தெரிய வேண்டாமா. அய்யப்பன்மேல் எனக்கு நேரடியாகவே கோபம், விளக்கேற்றும்போதுகூட முகம் கொடுத்துப் பேசமாட்டேன். மாலை போட்ட சாமி இருக்கிற வீட்டில் தீட்டானால் இருக்கக்கூடாது, அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் நாள் நெருங்கியதும் பையில் ரெண்டு புடவையை வைத்துத் தயாராக இருந்தேன். வரவில்லை. பை கதவுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அத்தை தினமும் பையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார், எனக்கும் வாயைத் திறக்கப் பயம், திறந்தால் கலைந்துவிடும் என்று. கடைசியில் அத்தைதான் பையைத் திறந்து புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். "அய்யப்பன் குடுத்தது" என்றார். தீபாவளி குடுத்தது அத்தை என்று சொல்லலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. அந்தத் தீபாவளி. அதிகாலையில் நான்தான் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்தேன், முடிச்சு முடிச்சாக இருந்த தோளை அமுக்கிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்போதே அது அவருக்குள் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் ரெண்டு அரும்பு, ஒன்று அவருக்குள், ஒன்று எனக்குள், ரெண்டும் சத்தமில்லாமல். இந்த இடத்துக்கு வந்தால் என் மனசு முன்னாலும் போகாது பின்னாலும் போகாது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடா சிக்கின மாதிரி நின்றுவிடும். அந்தத் துண்டுக்காரரின் பேரைக் கூப்பிடுகிறார்கள், உள்ளே போகிறார். துண்டை எடுக்கவில்லை.

மலையிறங்கி வந்த சாமியின் காலை வாசலிலேயே கழுவி உள்ளே அழைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம்தான். மார்கழி கடைசி, அத்தை சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொடுத்தார், எனக்கு வாந்தி எடுத்து எடுத்து நிற்கவே முடியாது, இருந்தாலும் குனிந்து உட்கார்ந்து தேய்த்தேன். உள்ளங்காலில் புள்ளி புள்ளியாக இருந்தது, செம்பு நிறத்தில், பருப்பு பருப்பாக. தேய்த்தால் போகவில்லை. "என்ன சாமி இது, காலெல்லாம்?" என்றேன். "செருப்பில்லாம மலையேறுன காலு. கல்லும் முள்ளும் பின்ன பூவா வெக்கும்" என்று சிரித்தார். அத்தையும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு எழப் போனேன், பிடித்து எழுப்பக் கையை நீட்டினார், அந்தக் கையைப் பிடிக்கப் போன என் கண் போய் நின்றுவிட்டது. உள்ளங்கையிலும் அதே புள்ளி, அதே நிறம், அதே அளவு. "ஏனுங்க, கையாலயுமா மலையேறுனீங்க?" கேலியாகத்தான் கேட்டேன். சொரிகிறதா என்றால் இல்லை என்றார், வலிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கற்பூரம் கொளுத்தினது, வெல்லம் உருட்டினது, போகிற வழியில் குளித்த தண்ணீர் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நான் அலர்ஜி என்று முடிவு கட்டிவிட்டேன், அவ்வளவு பெரிய டாக்டர் நான். அத்தை மாலையைக் கழற்றினார். மறுநாள் எனக்கு ஸ்கேன் எடுக்க இதே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது, அப்படியே தோல் டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். ஒரு பயமும் இல்லை, அவர் கணக்கில் எல்லாம் மலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. டாக்டரம்மா கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். "முன்னால எங்கியாச்சும் வலியில்லாத புண்ணு ஒண்ணு வந்து ஆறுச்சா?" என்று கேட்டார். அவர் நீட்டின கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீ போய் பி.பி. பாத்துட்டு வாம்மா" என்றார், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்த வேப்பமரத்தடியில் வைத்துத்தான் சொன்னார், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார், வேறு மரமே கிடைக்கவில்லை பாவம். "கோகிலா, ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாத. பேசுனா என்னால சொல்ல முடியாது" என்றார். தீபாவளிக்கு ஊர் திரும்புகிற வழியில், வண்டி ரிப்பேராகி ஒரு தாபாவில் கிடந்த நாளில், ஒரே ஒரு தடவை என்றார். மாலை போட்ட பிறகு புண் வந்தது. சாமி தண்டித்துவிட்டது என்று பயந்து வேளை தவறாமல் சரணம் சொன்னாராம், இன்னும் ஒருவேளைச் சோற்றையும் குறைத்தாராம், புண் தானாகவே ஆறியது, தழும்புகூட இல்லை. "சாமி மன்னிச்சிருச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றார். என் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். "சாமி மன்னிச்சா முடிஞ்சுதுங்களா? நானு?" அழவில்லை. அழுதது ஊசி போட்டபோதுதான், ரெண்டு பக்கமும் போட்டார்கள், அந்த ஊசி வலி மாதிரி வலி கிடையாது, அந்த வலியைச் சாக்காக வைத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுது தீர்த்தேன். டாக்டரம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "புண்ணு இருந்த நாளெல்லாம் அவரு மாலையில இருந்திருக்காரு. அதுக்கு முந்தி ஒட்டுறது குறைவுதான். ஆனா குறைவுங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணில்ல, அதனாலதான் ஊசி. குழந்தைக்கும் இதுதான் மருந்து" என்றார். யாருடைய தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அவரை அங்கேயே விட்டுக்கொடுத்திருப்பேன், சத்தியமாக. அவரும் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் வீட்டுக்கு நின்றுகொண்டே வந்தார், பஸ்ஸில் இடம் இருந்தும். அத்தைக்கு அலர்ஜி என்றே சொல்லியிருக்கிறோம். அன்றிலிருந்து காலையில் பல் விளக்கியதும் என் முன்னால் வந்து நின்று ரெண்டு கையையும் விரித்துக் காட்டுவார், ஸ்கூலில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி. நான் கேட்டதில்லை. அவராகவே ஆரம்பித்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், புள்ளி மங்கி மங்கிப் போன பிறகும் பார்ப்பேன், பார்த்துவிட்டு ம் என்பேன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மாலையைக் கழற்றிய பிறகு சாமி என்று கூப்பிட முடியாது, மாமா என்று கூப்பிட வாய் வரவில்லை, இந்த ரெண்டு மாசமாக அவருக்குப் பேரே இல்லை. ரிக் கிளம்பிவிட்டது, சீசன் நடக்கிறது, முதலாளி ஆள் விட்டுப் பார்த்தார், இவர் போகவில்லை. "ரத்த ரிப்போர்ட் தெரியற வரைக்கும் நகரமாட்டேன்" என்று என்னிடம் சொல்லவில்லை, ஃபோனில் அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு ரசத்துக்குப் புளி அதிகமாகிவிட்டது.

யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அந்தப் புள்ளிகளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். கெட்டதுக்கு நன்றி சொல்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது முதுகில் வந்திருக்கலாம், யார் பார்த்தார்கள். வராமலே இருந்திருக்கலாம், வந்து நான் பார்க்காமல் தானாக மறைந்தும் போயிருக்கலாம், புண் மறைந்த மாதிரியே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாயிருக்கிறது என்றுதான் சொன்னார்கள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன், மாலை கழற்றியவரைப் பக்கத்தில் சேர்த்திருப்பேன், அது என்னிடம் வந்து வயிற்றில் இருக்கிற இதனிடம் போயிருக்கும். எஸ்தர் மேடம் முழுசாகச் சொல்லவில்லை, பிறக்கும் முன்பே போய்விடலாம், பிறந்தும் சுகமில்லாமல் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார், அதுவே போதும். நான் திட்டின அய்யப்பன் அவரை எத்தனை நாள் தனிப்பாயில் படுக்க வைத்திருந்தார். அப்போது புண் இருந்தது. முகம் கொடுக்காமல் விளக்கில் எண்ணெய் ஊற்றினேனே, அந்த விளக்கு எனக்காகத்தான் எரிந்ததோ என்னவோ. இப்போது போய்ச் சமாதானம் பேச வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கும் நன்றிதான், ஏன் மறைக்க வேண்டும். டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், எத்தனையோ பேர் சொல்கிறார்கள், பி.பி. பார்த்துவிட்டு வந்த என்னிடம் அலர்ஜி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். சொன்னார். குரல் உடைந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றும் நினைக்காமல் சொன்னார். அந்தத் தாபா ராத்திரிக்காக அவரை நான் இன்னும் ரெண்டு வருஷம் திட்டலாம், அந்தக் கணக்கு தனி, தீரும்போது தீரட்டும். ஆனால் சொன்னதற்கு நன்றி. அய்யோ, ஒருவேளை இப்போது உள்ளே வேறு மாதிரி சொன்னால், இந்த நன்றியெல்லாம் என்ன ஆகும், திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா. தொண்டை காய்கிறது. இது பயத்தில் காய்வதா, இல்லை காய்ச்சல் வரப்போகிறதா. குழந்தை ஒரு பக்கமாக நகர்கிறது. இது குழந்தைதான்.

"கோகிலவாணி." எஸ்தர் மேடம்தான் கதவிலிருந்து கூப்பிட்டார். எழுந்ததும் செருப்பு ஒன்று பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது, ஒற்றைச் செருப்போடு உள்ளே போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, நான் உட்காரும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, நின்றபடியே சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா. சிபிலிஸும் இல்ல, எச்.ஐ.வி.யும் இல்ல. அவருக்கும் எச்.ஐ.வி. இல்ல. அவரு சிபிலிஸும் மருந்து கேட்டு நல்லா எறங்கிட்டு வருது, அவரு மட்டும் இன்னும் சில தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ பிரசவ வார்டுக்கு மட்டும் போனாப் போதும், இங்க வர வேண்டாம்." "வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். "எங்க?" "இங்கதானுங்க. கொழந்தயத் தூக்கிட்டு, உங்களுக்கும் டாக்டரம்மாவுக்கும் காட்ட." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாம்மா" என்றார். எனக்கு அழுகை வருமென்று நினைத்தேன், பசிதான் வந்தது, அப்படியொரு பசி. வெளியே ஒற்றைச் செருப்பைக் குனிந்து தேடினேன், வயிறு இடித்தது, உள்ளேயிருந்து திரும்பி வந்திருந்த துண்டுக்காரர் எட்டி எடுத்துக் கொடுத்தார், துண்டு நழுவியது, அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன், சின்ன வயசு, மீசைகூடச் சரியாக இல்லை. "சீக்கிரமா வந்தது நல்லதுங்க தம்பி" என்றேன். தலையை ஆட்டினார்.

வேப்பமரத்தடியில் அவர் என்னைப் பார்த்ததும் ரெண்டடி வந்து நின்றுவிட்டார். கேட்பதற்குப் பதிலாகக் கை ரெண்டும் தானாகவே எழுந்து என் முன்னால் விரிந்தது, காலையில் ஏற்கெனவே காட்டின அதே கை, போர்வெல் குழாயைப் பிடித்துக் காய்த்துப்போன கை, புள்ளி எல்லாம் எப்போதோ போய்விட்டது. இந்தத் தடவை நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. எனக்கும் இல்ல, இதுக்கும் இல்ல" என்றேன். அவர் அப்படியே நின்றார், கையை விரித்தபடி, சுற்றி ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். "கையை மூடுங்க மாமா" என்றேன். மூடத் தெரியாதவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நானே ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டேன்.